கினு எழுந்து நின்ற நாள்

நவம்பர் 28
ஓனோசாவா

தோமியே,

நீ என் மனைவிக்குத் தீங்கு செய்துவிட்டாய். நல்ல எண்ணத்தோடுதான் செய்தாய் என்று தெரியும். அதனால் தீங்கு குறைந்துவிடவில்லை.

குளிர் வந்துவிட்டது, இலை உதிர்ந்துவிட்டது, அங்கே சுகமா என்று தொடங்குவதுதான் முறை. இந்தக் கடிதத்தில் அது கிடையாது.

கினுவுக்குப் பராமரிப்புத் திட்டம் போடும் பெண் நேற்று வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, செருப்பு கழற்றும் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கினுவின் பராமரிப்பு நிலையை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிட்டார்களாம். இதுவரை ஹெல்பர் நெமோதோ தினமும் காலையும் மாலையும் வந்தாள். இனி வாரத்தில் இரண்டு காலை.

ஏன் என்று கேட்டேன். அக்டோபரில் மதிப்பிட வந்த நகராட்சி ஆள் எழுதியிருப்பதைச் சொன்னாள். நோயாளி தானாக எழுந்து நின்று வரவேற்றார். இடது கையால் தேநீர் ஊற்றினார். தேதியும் கிழமையும் சரியாகச் சொன்னார். வீடு சுத்தமாக இருந்தது. வீட்டார் சிரமம் எதுவும் தெரிவிக்கவில்லை.

பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்தவள் கினு. நான் தூக்கி நிறுத்தினாலும் பத்து எண்ணுவதற்குள் சரிந்துவிடுவாள். அன்று நான் கடற்கரை நகரத்தில் கண் மருத்துவரிடம் இருந்தேன். அப்பாவின் நினைவுச் சடங்குக்கு வந்திருந்த நீதான், "நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்கண்ணா" என்றாய். பார்த்துக்கொண்டாய். கழிப்பறை நாற்காலியைப் படுக்கை அலமாரியில் ஒளித்தாய். சுவரில் இருக்கும் பிடிகம்பியின் மேல் துணியைத் தொங்கவிட்டாய். அவளுக்குத் தலை வாரி, ஊதாக் கிமோனோவைக் கட்டிவிட்டாய். மூத்திர வாடை போக ஊதுபத்தி கொளுத்தினாய். நான் திரும்பியபோது அந்த மணம் இருந்தது. அப்பாவின் சடங்குதான் முடிந்துவிட்டதே, இது யாருக்கு என்றுகூட யோசித்தேன்.

நேற்று இரவு கினுவிடம் கேட்டேன்.

"உன்னை யார் எழுப்பி நிக்க வெச்சது?"

"யாரும் நிக்க வெக்கலை. விருந்தாளி வந்தா எழுந்திருக்க வேண்டாமா?"

அக்டோபரில் அந்த ஆள் போன பிறகு இரண்டு நாள் அவள் கண்ணைத் திறக்காமல் தூங்கினாள். அதை எழுத நகராட்சி ஆள் இங்கே இல்லை. நீயும் ரயிலேறிவிட்டாய்.

என்ன செய்யப் போகிறாய் என்று பதில் எழுது.

எய்ஜிரோ


டிசம்பர் 6
சிபா

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். இங்கே இன்னும் துணி வெயிலில்தான் காய்கிறது. அண்ணிக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் முறையை விட்டாலும் நான் விடமாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நாற்காலியை ஒளித்தது நான்தான். ஒளிக்கச் சொன்னது யார் என்று அண்ணியைக் கேட்டீர்களா? காலையில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தோமியே, அந்தப் பையன் முன்னாடி அந்தச் சனியன் இருக்கக்கூடாது. அவன் பள்ளிக்கூடத்துல நான் சோறு போட்ட பையன்."

உங்களுக்கு அது தெரியுமா? பள்ளிச் சமையல்கூடத்தில் இருபது வருடம் நின்றவர் அண்ணி. மதிப்பிட வந்தவன் அவர் கையால் குழம்பு வாங்கித் தின்றவன். கதவு திறந்ததும், "கினு பாட்டி, என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அண்ணி எழுந்துவிட்டார். நான் எழுப்பவில்லை. பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்த நேரத்தில், "தம்பி, இது நடிப்பு, இவங்களால ஒண்ணும் முடியாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? அவர் காதுபடவா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரைப் பதினோரு வருடம் நான் ஒருத்தியாகக் குளிப்பாட்டினேன். எந்த நகராட்சியும் வரவில்லை. அப்போது ஒருமுறை உங்களிடம் அழுதேன். "அது மருமக வேலை, ஊரைக் கூட்டாதே" என்றீர்கள். இன்று உங்கள் வீட்டுக்கு வந்ததும் அது ஊர் வேலை ஆகிவிட்டதா?

வாரத்தில் இரண்டு காலை வருகிறார்கள். எனக்கு அதுவும் இல்லை.

தோமியே


டிசம்பர் 15
ஓனோசாவா

தோமியே,

சொன்னேன். மருமக வேலை என்றேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. பதினோரு வருடம் நீ ஒருத்தியாகச் சுமந்தாய் என்பது, இன்னொருத்தியும் சுமக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி ஆகாது. உன் முதுகு இன்றைக்கு எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறதோ, அதற்குத்தான் சாட்சி.

இரண்டு காலை என்றால் என்ன என்று உனக்கு எழுதுகிறேன். நெமோதோ வரும் நாளில் கினு குளிக்கிறாள், துணி மாற்றுகிறாள், சிரிக்கிறாள். மற்ற நாட்களில் நான்தான் மாற்றவேண்டும். மாற்ற விடமாட்டேன் என்கிறாள். நாற்பத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான். இருந்தும், "நீங்க பாக்காதீங்க, நெமோதோ வரட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நெமோதோ வியாழக்கிழமைதான் வருவாள் என்றால், வியாழக்கிழமை வரை அடக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மிசோ சூப்பைக்கூட வாயில் வைத்து நனைத்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள். உதடு வெடித்திருக்கிறது.

அவளுக்குத் தேவைப்பட்டது என் அன்பு இல்லை, தோமியே. அது இருக்கிறது. அவளுக்குத் தேவைப்பட்டது வேற்று ஆளின் கை. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, "வரேன் கினு அக்கா" என்று கிளம்பிப் போகிற கை. பொண்டாட்டியின் மானம் அப்படித்தான் நிற்கிறது. எனக்கே இது இந்த வயதில்தான் புரிந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அகராதியை மடியில் வைத்துப் படித்தேன். மறு மதிப்பீடு கேட்க வழி இருக்கிறது. அன்று அந்த அறையில் நடந்ததை அங்கே இருந்த ஆள் எழுதிக் கொடுத்தால் வலு. இருந்த ஆள் நீ. எதை ஒளித்தாய், எதை மூடினாய், பிறகு அவள் எப்படிக் கிடந்தாள் என்று எழுதி, உன் பெயர் முத்திரை வைத்து அனுப்பு.

எய்ஜிரோ


டிசம்பர் 27
சிபா

அண்ணாவுக்கு,

வருடம் முடிகிறது. தனியே வேர்க்கடலை அனுப்பியிருக்கிறேன். அண்ணியால் மெல்ல முடியாது என்றால் அரைத்துக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது. எழுதினால், அரசாங்க ஆளை ஏமாற்றினேன் என்று நானே முத்திரை வைத்துக் கொடுப்பது ஆகும். என் மகன் கெய்தா வேலை செய்வதும் நகராட்சியில்தான், வேறு ஊர் என்றாலும். அவனுக்கு என்ன பெயர் வரும்? அண்ணிக்கு என்ன பெயர்? கினு நடித்தாள் என்று மதிப்பிட வந்த அந்தப் பையன் எழுதிக்கொள்ளவேண்டுமா?

வசந்தம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பனி குறைந்ததும் நான் வந்து ஒரு மாதம் இருக்கிறேன். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பென்சிலில் எழுதியிருக்கிறேன், மன்னியுங்கள். பேனா கையில் நழுவுகிறது, குளிர்.

தோமியே


ஜனவரி 24
ஓனோசாவா

தோமியே,

கினு விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு.

புதன்கிழமை. நெமோதோ வராத நாள். மூன்று நாள் விடாமல் கொட்டியதில் கூரை முனகத் தொடங்கிவிட்டது. பனி அள்ள மேலே ஏறினேன். ஏறுமுன் கேட்டேன், ஏதாவது வேணுமா என்று. "ஒண்ணும் வேண்டாம், நீங்க ஜாக்கிரதையா இருங்க" என்றாள். இறங்கி வந்தபோது கழிப்பறைக் கதவுக்கு முன்னால் கிடந்தாள். படுக்கைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை நாற்காலி இருந்தது. அதில் உட்காரவில்லை. நான் வந்து அதைக் கழுவவேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியவில்லை. கூரையில் மண்வெட்டிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டாயா என்று ஆம்புலன்சில் கேட்டேன்.

"கூப்பிட்டா நீங்க அவசரப்பட்டு இறங்குவீங்க. வழுக்கும்."

உன் வேர்க்கடலை வந்தது. அரைத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

எய்ஜிரோ


பிப்ரவரி 2
சிபா

அண்ணா,

நீங்கள் கேட்டதை எழுதி முத்திரை வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதையும் விடவில்லை. ஊதுபத்தியையும் எழுதியிருக்கிறேன்.

டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவேண்டாம். ராத்திரி பகலாக அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோமியே


பிப்ரவரி 26
ஓனோசாவா

தோமியே,

உன் சாட்சி பயன்பட்டது. ஆஸ்பத்திரிக்கே வந்து மதிப்பிட்டார்கள். இந்த முறை வேறு ஆள், வயதான பெண். கினு படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லப் பார்த்தாள். அந்தப் பெண் அவள் தோளை அமுக்கிப் படுக்க வைத்துவிட்டு எழுதினாள். நிலை நான்கு.

நிலை நான்கு என்று காகிதம் வந்துவிட்டது. காகிதம் வந்து குளிப்பாட்டுமா?

நெமோதோவைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தாள், பிறகு சொன்னாள். மார்ச் கடைசியோடு எங்கள் பள்ளத்தாக்கில் ஹெல்பர் அலுவலகத்தை மூடுகிறார்கள். மூன்று பேர் இருந்தார்கள், இரண்டு பேர் போய்விட்டார்கள், மிஞ்சியவள் இவள், வயது அறுபத்தெட்டு. ஒரு வீட்டுக்குள் இருக்கும் நேரம்தான் வேலை நேரமாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பனியில் வண்டி ஓட்டுவதை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. "நான் விழுந்தா எனக்கு யார் ஐயா வருவா? நானே கடைசி ஆள்" என்று சிரித்தாள். அவளைத் திட்டத்தான் போனேன். திட்டவில்லை.

வீட்டில் கவனிக்க ஆள் இல்லை என்றதும் ஆஸ்பத்திரி கினுவைக் கடற்கரை நகரத்து இல்லத்துக்கு அனுப்பிவிட்டது. நான்கு கட்டில் உள்ள அறை, நடுவில் திரை. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் திரையைக் கொஞ்சம் விலக்கி, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்கிறாள்: "வீட்டுக்கு எப்போ?" நெமோதோ கிடைத்ததும் என்றேன். பொய். அவளிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று.

நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். பேச விட்டார்கள். நான் முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்ப் பாதைகளில் பனி அள்ளும் பனிவாரி வண்டி ஓட்டினவன். கடைசி வளைவு தாண்டி ஒற்றைக் கிழவி இருக்கும் வீடுவரை விடியுமுன் வழி வெட்டியிருக்கிறேன். ஒருத்திக்காக இவ்வளவு டீசலா என்று எவனும் கேட்டதில்லை. வழி வெட்டுவது ஊரின் கடமை என்றார்கள். "அந்த வழியா வந்து அவளைத் தூக்கி உக்கார வெக்கறது மட்டும் எப்படி வியாபாரம் ஆச்சு?" என்று கேட்டேன். நலத்துறை அதிகாரி எழுந்து, இடுப்பு ஒடிய வணங்கி, என் வேதனையைத் தலைமேல் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வசந்தத்தில் வருகிறேன் என்றாயே. வா. நீயும் நானுமாகப் பார்த்துக்கொண்டால் அவளை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்கள். கேட்டுவிட்டேன். இரண்டு பேர் இருந்தால் விடுவார்களாம்.

உன் எழுத்து ஏன் இவ்வளவு பொடியாகிவிட்டது? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

எய்ஜிரோ


மார்ச் 24
சிபா

அண்ணா,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

அண்ணியின் இறுதிச் சடங்குக்கு நான் வரவில்லை. ஜலதோஷம் என்று போனில் சொன்னேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். இரண்டு பேர் இருந்தால் விடுவார்கள் என்று எழுதினீர்களே, அதற்கும் நான் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும், நாளைக்குக் கை சரியாகிவிடும், எழுதிவிட்டு ரயிலேறிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அண்ணி போய்விட்டார்.

ஜலதோஷம் இல்லை. என் கை கால் நான் சொல்வதைக் கேட்பதில்லை. நடுக்க நோய் என்கிறார்கள். இரண்டு வருடமாக இருக்கிறது. அக்டோபரில் அங்கே வந்தபோதும் இருந்தது. அதனால்தான் அன்று தேநீரை அண்ணி ஊற்றினார். நான்தான் ஊற்றியிருக்கவேண்டும். கெண்டியை எடுத்தேன், மூடி கடகடவென்று ஆடியது. அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி இடது கையை நீட்டி என் கையிலிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்றினார். அதைத்தான் அவன் எழுதிக்கொண்டு போனான்.

சாட்சியில் எதையும் விடவில்லை என்று எழுதினேன். இதை விட்டுவிட்டேன்.

போன மாதம் சமையலறையில் விழுந்தேன். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில். கெய்தா மாலையில் வந்து எடுத்தான். அவன் எனக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டான். ஏப்ரல் 9 அன்று மதிப்பிட வருகிறார்கள். நேற்றிலிருந்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அறை முடிக்க அரை நாள் ஆகிறது. கெய்தா, "எதுக்கும்மா இதெல்லாம்?" என்கிறான். வேற்று மனிதர் வருகிறார், வீடு இப்படியா கிடப்பது?

சாம்பல் கிமோனோவை எடுத்து வெளியே தொங்கவிட்டிருக்கிறேன்.

தோமியே


மார்ச் 31
ஓனோசாவா

தோமியே,

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. கூரையிலிருந்து நாள் முழுவதும் சொட்டுகிறது. எழுதிவிட்டேன், முறைப்படி.

கினு போனது நிமோனியாவில். விடிகாலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. முதல் பஸ்ஸில் ஏறினேன். பள்ளத்தாக்கு முனையில் பனிச்சரிவு, வழி அடைத்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் நான் திறந்து வைத்த வழி. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, இப்போதைய பையன்கள் வாரி எடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் துணி போட்டிருந்தார்கள். கடைசி இரவில் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். "இல்லை, உங்களுக்குத்தான் சிரமம்" என்றாளாம்.

கெண்டியைப் பற்றி நீ எழுதியதை அவள் படத்தின் முன்னால் உரக்கப் படித்தேன். அவள் இதை எனக்குச் சொல்லவே இல்லை. உன்னைக் காட்டிக் கொடுக்காமலே போய்விட்டாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அதை நீ நேரில் வந்து கேட்கவேண்டும். அதற்கு நீ உயிரோடும், சொந்த வீட்டிலும் இருக்கவேண்டும். ஆகவே இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன்.

நகராட்சி: பனிவாரி ஓட்டுநரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பதுபோல் ஹெல்பர்களையும் தானே வைத்துக்கொள்ளவேண்டும். வழியில் போகும் நேரமும் வேலை நேரம். கடைசி வளைவு தாண்டியும் போகவேண்டும், அங்கே ஒருத்தி மட்டும் இருந்தாலும். வணங்குவதை நிறுத்திவிட்டு இதைத் தீர்மானமாக எழுதவேண்டும்.

மதிப்பிட வருபவர்கள்: நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவரைக் குளிப்பாட்டும் ஆளைக் கேட்கவேண்டும். மறுநாள் ஒருமுறை திரும்பி வந்து, அவர் எப்படிக் கிடக்கிறார் என்று பார்க்கவேண்டும். தங்களுக்குக் குழம்பு ஊற்றியவரின் வீட்டுக்கு மதிப்பிடப் போகக்கூடாது.

நெமோதோ: ஏப்ரல் கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொன்னதை அங்கேயும் சொல்லவேண்டும். சிரிக்காமல் சொல்லவேண்டும்.

நான்: இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கையெழுத்து வாங்குகிறேன். மதிப்பிட ஆள் வரும் அன்று நாற்காலியை ஒளிக்காதீர்கள், ஜன்னலைத் திறக்காதீர்கள், நாற்றம் இருந்தால் இருக்கட்டும் என்று சொல்கிறேன். பாதி வீட்டில் கோபப்படுகிறார்கள். இரண்டாவது முறையும் போவேன்.

கெய்தா: ஏப்ரல் 9 அன்று விடுப்பு எடுத்து உன் பக்கத்தில் உட்காரவேண்டும். நீ "முடியும்" என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும், உன் காதுபடவே, "இல்லை, அம்மாவால் முடியாது" என்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு மரியாதை என்று வாயை மூடிக்கொண்டால் அவனை நான் வந்து கேட்பேன். இதை அவனிடம் காட்டு.

நீ: துடைப்பதை இன்றோடு நிறுத்து. சாம்பல் கிமோனோவை மடித்து உள்ளே வை. தலை வாராதே. தேநீர் கொடுக்காதே. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த நாளைக் கேட்டால், எவ்வளவு நேரம், எப்படி நனைந்து கிடந்தாய் என்பது வரை சொல். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அன்று வாசல் மணி அடிக்கும். அப்போது எழுந்திருக்காதே.

எய்ஜிரோ